வேலின் அடியில் இருந்த சிவப்பு

என் மகளைத் தூக்குவதற்கு முன்னால் நான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். முதல் தடவை வேலை செய்த இடத்துக் குழாயில், இரண்டாவது வீட்டு வாசலில், மூன்றாவது குசினிக்குப் பின்னால். நகக்கண்ணைக்கூட விடமாட்டேன், பழைய பல் பிரஷை வைத்துத் தேய்ப்பேன். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களிடம் நான் சண்டைக்குப் போனதும் உண்டு. கோபத்துக்கு எனக்குப் பஞ்சமே கிடையாது. வாயைத் திறந்தால் சண்டை, இல்லாவிட்டால் ஊமை. என் சுபாவம் அப்படி. அந்தச் சுபாவம் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் பழனியப்பன். பினாங்கில் டத்தோ கெராமட் சாலைப் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீடு. இரும்புக்குச் சாயம் அடிப்பது என் தொழில்: கேட், சன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி. சாயம் அடிப்பதை எவனும் செய்யலாம். பழைய சாயத்தை எடுப்பதுதான் வேலை. அதை ஒழுங்காக எடுக்காமல் மேலே பூசினால் ஆறு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துவிடும். எடுக்கத் தெரியாமல் எடுத்தால் உரிவது சாயம் மட்டுமாக இருக்காது.

அதை நான் நூர் முகம்மதுவிடம் பார்த்தேன். பட்டர்வொர்த் பக்கம் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். கப்பலின் வயிற்றில் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய சாயத்தைக் கொட்டுவோம். மேலே என்ன நிறம் இருந்தாலும் அடியில் சிவப்பு இருக்கும். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிற முதல் பூச்சு. ரெட் லெட் என்போம். ஈயத்தில் செய்தது. தட்டத் தட்டத் தூள் பறக்கும், உதட்டில் படியும், நாக்கில் லேசாக இனிக்கும். நூர் முகம்மது அந்தக் கையாலேயே ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்பான். "என்னடா பழனி, ஆம்பளைக்குத் தூசியா பயம்?" என்று சிரிப்பான்.

முதலில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. சாதாரண வலி இல்லை. தரையில் உருண்டு கத்துவான். பிறகு பல் ஈறு ஓரமாக ஒரு கறுப்புக் கோடு. பிறகு ஒருநாள் தேத்தண்ணிக் கிளாஸை எடுக்கக் கை நீட்டினான், எடுக்க முடியவில்லை. கையைத் தூக்கு என்றேன். தூக்கினான். மணிக்கட்டிலிருந்து கை மட்டும் கீழே தொங்கியது. அவன் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அவன் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு கப்பலில் வந்த என்ஜினியர் ஒருவர்தான் எனக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தார். உலர்ந்தபடி சுரண்டாதே, தண்ணீர் தெளித்துச் சுரண்டு. நெருப்பு வைத்து உருக்காதே, புகை தூளைவிடப் பொல்லாதது. கீழே கேன்வாஸ் விரி, ஒரு துணுக்குகூட மண்ணில் விழக்கூடாது. துடைப்பம் போடாதே, ஈரத்துணியால் துடை. ரப்பர் முகமூடி போடு. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதே. குளிக்காமல் பிள்ளையைத் தொடாதே.

எனக்கு அப்போது பிள்ளை இல்லை.

கலியாணமாகிப் பதினோரு வருடம் பிள்ளை இல்லை. என் பெண்டாட்டி லெட்சுமி ஏறாத கோயில் கிடையாது. கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலிருக்கும் முருகன் கோயில் வாசலில் நிற்கிற இரும்பு வேலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஒன்பது அடி உயர வேல் அது. அடுத்த தைப்பூசத்துக்குள் வயிற்றில் தங்கியது. பெண். அருந்ததி என்று பெயர் வைத்தோம். கூப்பிடுவது பாப்பா என்றுதான். பிள்ளை பிறந்த அன்றே கப்பல் பட்டறை வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டேன்.

லெட்சுமியிடம் நூர் முகம்மதுவின் கையைப் பற்றி நான் சொன்னதே இல்லை. சொன்னால் பயப்படுவாள், தொழிலை விடச் சொல்வாள், பிறகு அதற்கொரு சண்டை. எதற்கு வம்பு? நான் குளித்துவிட்டு வருவதையும், வேலைத் துணியை அவளைத் தொடவிடாமல் நானே அலசுவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏன் என்று கேட்டால், "சொன்னதைச் செய்" என்பேன்.

எண்பத்திரண்டாம் வருடக் கடைசியில் அந்த வேலுக்கே சாயம் அடிக்கிற வேலை எனக்கு வந்தது. அப்போது பாப்பாவுக்குப் பதினாலு மாதம். நடக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு சொல் வரும். என்னைப் பார்த்தால் "ப்பா", காக்காயைப் பார்த்தால் "கா". சில நாள் என்னையும் காக்காய் ஆக்கிவிடும். அதைக் கேட்கத்தான் நான் வீட்டுக்கு ஓடி வருவேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கோயில் செயலாளர் அம்பிகைபாகன், ரயில்வே ஆபீஸில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சுருக்கம் விழாது. மூன்று வாரம் ஆகும் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

"பழனி, ஊதுவிளக்கு வைச்சுக் கொளுத்தினால் நாலு நாளில முடியும்தானே? நீர் ஏன் மூண்டு கிழமை கேக்கிறீர்?"

"கொளுத்தினா புகையா வரும்ங்கய்யா. அந்தப் புகை யாரு நெஞ்சுக்குள்ள போகும்? பக்கத்துல சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்குலா."

"சாயம்தானே?"

"மேல சாயம். அடியில ஈயம். நாலு நாள்ல வேணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஆள் கிடைக்கவில்லையோ, என் வாய்க்குப் பயந்தாரோ, சரி என்று தலையாட்டினார்.

டிசம்பர் முதல் வாரம் வேலைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கித்தான் கட்டினேன். கீழே கேன்வாஸ். குழாயடியில் ஒரு வாளி, சோப்பு, மாற்று உடுப்பு. காலையில் போனதும் வேலைக் கும்பிட்டுவிட்டு முகமூடியை மாட்டுவேன். தண்ணீர் தெளிப்பேன், சுரண்டுவேன். மேலே வெள்ளிப் பூச்சு, அதற்கடியில் பச்சை, பிறகு சந்தன நிறம், மறுபடி வெள்ளி, மறுபடி பச்சை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒருவர் நேர்ந்துகொண்டு மேலே மேலே பூசியிருக்கிறார்கள், ஒருவரும் கீழே இருந்ததை எடுக்கவில்லை. சில இடத்தில் என் சுண்டுவிரல் கனத்துக்குச் சாயம். செதில் செதிலாக வந்ததையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினேன்.

இரண்டாவது வாரம் சிவப்பு வந்தது.

நல்ல கனத்த பூச்சு. ஈர உப்புத்தாளால் தேய்த்தால் குழம்பாக வழியும். காய்ந்தால் நயமான தூள், அரைத்து எடுத்த மாதிரி. கித்தானுக்கு வெளியே அன்றைக்கு நல்லம்மா நின்றிருந்தார். பூக்கட்டி விற்கிற அம்மா. கித்தானை விலக்கி எட்டிப் பார்த்தவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார்.

"முருகா! வேலு செந்தூரமா ஒழுகுதே!"

நான் தடுப்பதற்குள் விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் போட்ட கூச்சலில் கோயில் புறாவெல்லாம் பறந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிவிட்டேன். வயதான மனுசியை அப்படி இழுத்திருக்கக் கூடாதுதான். மறுநாள் ஏழு பெண்கள் வந்தார்கள். கையில் வெற்றிலை, சிமிழ், ஒருத்தி பால்பவுடர் டின்னே கொண்டு வந்திருந்தாள்.

"ஒரு சிட்டிகை குடுங்கண்ணே. பிள்ளைக்கு நெத்தியில வைக்க."

"இது விஷம். தள்ளிப் போங்க!"

"சாமி மேல இருக்கறது விஷமா? வாயைக் கழுவுங்கண்ணே."

"விஷம்னு சொல்றேன்ல? காது கேக்காதா? போங்க!"

முகமூடிக்குள்ளிருந்து கத்தினால் யாருக்கு என்ன புரியும்? போனார்கள், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். எல்லாத்தையும் இவரே வச்சுக்கப் பாக்குறார் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேல் முழுதும் தேய்த்து முடித்தபோது அந்தச் சிவப்பு ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் முக்கால்வாசி இருந்தது. ஊருக்கு வெளியே ஆள் நடக்காத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதுதான் என் வழக்கம். அம்பிகைபாகன் தாம்தூம் என்று குதித்தார்.

"வேலைச் சுரண்டின தூளைக் குப்பை மாதிரிப் புதைக்கிறதோ? சனங்கள் என்னைச் சும்மா விடுங்களோ? பூசம் முடியட்டும். ஐயர் ஒரு பூசை வைச்சுத் தந்த பிறகு, படகில கொண்டுபோய் நடுக்கடலில கரைப்பம்."

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எனக்கும் மனசு வரவில்லை. எத்தனை கேட்டின் தூளைப் புதைத்திருக்கிறேன்! ஆனால் இது லெட்சுமி கட்டிக்கொண்டு அழுத வேல். பாப்பாவைக் கொடுத்த வேல். அதன் தூளை எங்கேயோ ஒரு குழியில் தள்ளி மேலே மிதித்துவிட்டு வர என்னால் முடியாது என்று அப்போது நினைத்தேன்.

கோயில் ஸ்டோரில் வைத்தால் பெண்கள் எடுத்துவிடுவார்கள்; ஸ்டோர்ச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. அதனால் டின் மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, நான் குளித்து உடுப்பு மாற்றி, வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பத்திரமான இடம் எது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் வைத்தால் பாப்பா இழுத்துவிடும். குசினியில் வைக்கவே கூடாது. பின்னால் செருப்பு, சப்பாத்து வைக்கிற இடத்தில் வேலோடதை எப்படி வைப்பது? என் தலை உயரத்தில் சுவரில் சாமி மேடை இருந்தது. பிள்ளைக்கு எட்டாது. சுத்தமான இடம். முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

"என்னங்க அது?" என்றாள் லெட்சுமி. இடுப்பில் பாப்பா.

"வேலோடது. பூசம் முடிஞ்சு கடல்ல கரைக்கணும். அதுவரைக்கும் அங்க இருக்கட்டும்."

"வேல்ல இருந்து எடுத்ததா? நல்லம்மாக்கா சொன்னாங்க…"

நல்லம்மா என்ற பெயரைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுதும் பெண்களோடும் அம்பிகைபாகனோடும் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. இனி இவளுக்கு ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

"கேள்வி மேல கேள்வி கேக்காத லெட்சுமி. அது பாட்டுக்கு இருக்கட்டும். சோத்தைப் போடு."

அவள் டின்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். நான் அதைப் பார்த்தேன். சாமி மேடையைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த மாதம் நான் நடந்துகொண்டதைக் கொஞ்சம் வெளியிலிருந்து பாருங்கள். காலையில் குளித்து வேலைக் கும்பிட்டு வேலையைத் தொடங்குகிறேன். முடித்ததும் மறுபடி குளிக்கிறேன். அந்த உடுப்பு தனி, அதை யாரும் தொடக்கூடாது. பெண்களைக் கிட்டே அண்டவிடுவதில்லை. கையைக் கழுவாமல் ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை. தரையில் தனிப் பாய். லெட்சுமி அக்கம்பக்கத்தில் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வூட்டுக்காரர் வேலுக்காக விரதம் இருக்கார்" என்றாள். என் காதுபடவே சொன்னாள். நான் திருத்தவில்லை. விளக்கம் சொல்கிற வேலை மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கிறிஸ்மஸ் லீவு முடிகிற சமயம் பாப்பா சோறு வேண்டாம் என்று தள்ளத் தொடங்கியது. பல் முளைக்கிறது என்றார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். நாலு நாள் ஐந்து நாள் வெளிக்குப் போகாது. குடித்த பால் அப்படியே திரும்பி வரும். கன்னத்திலிருந்த செம்மை போய், மெழுகு மாதிரி ஒரு வெளுப்பு. கிளினிக் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார்.

"கண்ணு பட்டுப்போச்சு," என்றாள் லெட்சுமி. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வேறு பயம். வயிற்றுவலி. வெளுப்பு. இதை நான் பார்த்திருக்கிறேனே! தரையில் உருண்ட நூர் முகம்மதுவைப் பார்த்திருக்கிறேனே! என் மேலிருந்துதான் போகிறது என்று முடிவு செய்தேன். நகத்திலோ, தலைமுடியிலோ, காதுமடலிலோ எங்கேயோ ஒட்டிக்கொண்டு என்னோடு வீட்டுக்குள் வருகிறது. தலையை மொட்டை அடித்துக்கொண்டேன். வேலை உடுப்பையெல்லாம் கட்டிப் புதைத்துவிட்டுப் புதிது வாங்கினேன். வாசலோடு நின்றுகொண்டேன். பிள்ளையைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

மொட்டையைப் பார்த்துவிட்டு லெட்சுமி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிள்ளைக்காக நேர்ந்துகொண்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

"கொஞ்சம் தூக்குங்களேன். உங்களைப் பாத்துக் கையை நீட்டுது பாருங்க."

"கிட்ட கொண்டு வராதே! உள்ள போ!"

பாப்பா கையை நீட்டியபடியே அழுதது. நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு, அழுகையில் கலைந்து மூக்குவரை வழிந்திருந்தது. தினமும் இருந்தது அந்தப் பொட்டு. வாசலில் நின்றுகொண்டு தினமும் அதைப் பார்த்தேன். குங்குமம் என்று நினைத்தேன்.

ஜனவரி நடுவில் "ப்பா" நின்றது. பிறகு "கா" நின்றது. வீட்டு முன்னால் இருந்த மின்கம்பியில் காக்காய் உட்கார்ந்து கத்தும். பாப்பா அதைப் பார்க்கும், வாய் திறக்காது. நடை தள்ளாடியது. கிளினிக்குக்கு மறுபடி போனோம். டாக்டரிடம் என் தொழிலைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். லெட்சுமி பக்கத்தில் இருந்தாள். உன் பிள்ளைக்கு நான்தான் நஞ்சைக் கொண்டு வந்தேன் என்று அவள் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன். தெருவில் எவனோடும் மல்லுக்கு நிற்கிற எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை, பாருங்கள்.

பூச்சு காயக் காயப் பூசி, கேட்ட மூன்று வாரத்தைத் தாண்டித்தான் வேல் வேலை முடிந்தது. புதுப் பூச்சு, புது வெள்ளி. வெயில் பட்டால் கண் கூசும். அம்பிகைபாகன் எனக்கு மாலை போட்டார். மாலையோடு வீட்டுக்கு வந்தேன், லெட்சுமி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கண் என் பக்கம் திரும்பவில்லை.

தைப்பூசத்தன்று காலை எட்டு மணிக்கு இழுப்பு வந்தது.

லெட்சுமியின் அலறல் கேட்டுச் சந்தே கூடிவிட்டது. பிள்ளையின் உடம்பு பலகை மாதிரி விறைத்துப் பிறகு உதறியது. அத்தனை நாள் தொடாமல் இருந்தவன் அன்றைக்குத் தூக்கினேன். கனமே இல்லை. டாக்ஸிக்காரர் ஒரு சீனர். தெருவெல்லாம் காவடி, மேளம், தண்ணீர்ப் பந்தல். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்களை எதிர்த்து வந்துகொண்டேயிருந்தது. வண்டி நகராது. லெட்சுமி சன்னல் வழியே வேல் வேல் என்று கூவினாள், கூட்டம் அவளுக்குப் பதிலாக வேல் வேல் என்றது. எங்களுக்கு வழி விடச் சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பாப்பாவை உள்ளே கொண்டு போனார்கள். இழுப்பை நிறுத்திவிட்டதாகவும் இன்னும் நினைவு திரும்பவில்லை என்றும் ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னார்கள். மாற்று உடுப்பும் பிளாஸ்க்கும் எடுத்து வர லெட்சுமி வீட்டுக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் டாக்டர் முன்னால் போய் நின்றேன். ரோஹானா என்று பெயர். சுங்கை பினாங்கில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். எல்லாவற்றையும் கொட்டினேன். ரெட் லெட், நூர் முகம்மதுவின் கை, வேல், என் உடுப்பு, எல்லாம்.

"நான்தான் டாக்டர். என் மேல ஒட்டிக்கிட்டு வந்துதான் இப்படி ஆச்சு."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். பாப்பாவின் வயிற்றைப் படம் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். சின்ன விலா எலும்பு, சின்ன முதுகெலும்பு. அதற்குக் கீழே குடல் பாதை முழுக்கப் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள், மணலை அள்ளித் தூவிய மாதிரி.

"இது ஈயம்தான் அண்ணே, எனக்குச் சந்தேகமில்ல. ஆனா உடுப்புல வந்த தூசி இப்படித் தெரியாது. இது தின்னது. நேத்துகூட தின்னிருக்கு. வீட்டுல அந்தத் தூள் எங்கயாவது இருக்கா?"

"பிள்ளைக்கு எட்டாத இடத்துல…"

சொல்லிக்கொண்டே திரும்பினேன். கட்டிலில் நர்ஸ் பஞ்சை நனைத்துப் பாப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றிப்பொட்டு பஞ்சில் இழுபட்டு வந்தது. குங்குமம் ரத்தச் சிவப்பாக இருக்கும். பஞ்சிலிருந்தது ஆரஞ்சு கலந்த சிவப்பு. நாள் கணக்கில் உள்ளங்கையில் வழியவிட்ட நிறம், எனக்குத் தெரியாதா? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் லெட்சுமி வந்தாள். ஒரு கையில் பிளாஸ்க். இன்னொரு கையில் துணிப்பை. ஓடி வந்திருக்கிறாள், தலைமுடி அவிழ்ந்திருந்தது. டாக்டரையும் என்னையும் கண்டுகொள்ளாமல் நேரே கட்டிலுக்குப் போனாள். துணிப்பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். ஒரு சின்னத் தேன் போத்தல். ஒரு கரண்டி.

கயிற்றில் இருந்தது நான் போட்ட முடிச்சு இல்லை. அவள் போடுகிற பூமுடிச்சு.

மூடியைத் திறந்தாள். நான் முக்கால்வாசி நிரப்பிய டின்னில், காய்ந்து இறுகிய தூளின் நடுவே விரலால் தோண்டித் தோண்டி வழவழப்பாகிப்போன ஒரு குழி. நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கரண்டி கீழே விழுந்தது.

"விடுங்க! இன்னிக்குக் குடுக்கலை. பூசத்தன்னிக்குக் குடுக்காம வுட்டுட்டேன், அதான் இழுத்துடுச்சு. விடுங்க!"

"எத்தனை நாளா?"

"நீங்க கொண்டாந்த மறுநாள்ல இருந்து. காலையில தேன்ல குழைச்சு ஒரு சிட்டிகை. ஒடம்புக்கு முடியாம போனதும் ரெண்டு வேளை."

"லெட்சுமி, அது விஷம்."

அவள் என்னைப் பார்த்தாள். புரியாத பார்வை இல்லை. சிரிக்கக்கூடப் போனாள், பாவி மகள்.

"அது நீங்க அந்தப் பொம்பளைங்களை வெரட்டச் சொன்னது. எனக்குத் தெரியும். நல்லம்மாக்கா சொன்னாங்க. எல்லாரையும் விஷம்னு சொல்லி வெரட்டிட்டு, நம்ம பிள்ளைக்காக வீட்டுக்குக் கொண்டாந்தீங்க."

"இல்ல. நெஜமாவே விஷம். ஈயம். டாக்டரைக் கேளு."

டாக்டர் ரோஹானா மெல்ல வந்து டின்னை அவள் கையிலிருந்து வாங்கி மூடினார். லெட்சுமி மூடியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், சுவரில் வெளிச்சத்தில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அப்புறம் மெதுவாகத்தான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"விஷமா இருந்தா நீங்க சாமி மேடையில வைப்பீங்களா?"

கீழே விழுந்த கரண்டியைக் குனிந்து எடுத்தேன். வெளியே எங்கேயோ காவடி போகிற மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊசி போட்டு ஊசி போட்டு ஈயத்தை எடுத்தார்கள். நாற்பத்தாறு நாள் ஆஸ்பத்திரி. பிள்ளை பிழைத்தது. அந்த இரண்டு சொல்லும் திரும்பி வரவில்லை. டின்னையும் கோயில் ஸ்டோரில் கிடந்த செதில் மூட்டையையும் சுகாதாரக்காரர்கள் முத்திரை போட்டுக் கொண்டு போனார்கள். கடலில் கரைக்கவில்லையே என்று அம்பிகைபாகன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். நல்லம்மா என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுகிறார். வேல் இன்னும் பளபளப்பாக நிற்கிறது. நான் பூசியது ஒரு செதில்கூட உரியவில்லை.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. லெட்சுமி அதற்குப் பிறகு ஒருதரம்கூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். தினமும் சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

"இன்னிக்கு எங்க வேலை? எதைச் சுரண்டுனீங்க? அடியில என்ன நெறம்?"

நான் ஒன்று விடாமல் சொல்கிறேன். எந்தச் சாலை, எந்தக் கேட், என்ன நிறம், தூளை எங்கே புதைத்தேன், எத்தனை தடவை கை கழுவினேன். கோபமே வருவதில்லை. ஆறு வயதுப் பாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, நான் பேசும்போது என் வாயையும் அவள் பேசும்போது அவள் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கும்.